சாவி யார் பாக்கெட்டில்?

‘பாய்லர்’ என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? பத்துப் பேரைக் கேட்டால் எட்டுப் பேர் டீக்கடையைக் கை காட்டுவார்கள். வயிற்றில் கரி கனன்றுகொண்டிருக்க, செம்பு மினுமினுக்க, மாஸ்டர் பக்கத்தில் பவ்யமாக நிற்குமே, அது. ஒன்பதாவது ஆசாமி, தாத்தா வீட்டுக் குளியலறையில் வெந்நீர் போட்ட தாமிர பாய்லரைச் சொல்வார். பத்தாமவர் சப்புக் கொட்டிக்கொண்டு, ‘‘கோழிதானே?’’ என்பார். (அது பிராய்லர் ஸார்! முதலில் ‘ர’வைத் தின்றுவிட்டு அப்புறம் கோழியைத் தின்கிறோம்.)

நான் சொல்ல வந்தது இந்த மூன்றும் இல்லை. புழுங்கல் அரிசி மில்லிலும், சர்க்கரை ஆலையிலும், மின்சார நிலையத்திலும் உட்கார்ந்துகொண்டு உமியையும் கரும்புச் சக்கையையும் நிலக்கரியையும் தின்று ஸ்டீம் விடுகிற இரும்பு வயிற்றுக்காரரைப் பற்றி. அதிலும் அவர் நன்றாக ஓடுகிற கதை இல்லை. அவருக்கு உடம்பு சரியில்லாமல் போய், மனுஷன் அவர் வயிற்றுக்குள் இறங்கி வைத்தியம் பார்க்கிற கதை.

பி.காம். படித்தவனுக்குப் பாய்லரில் என்ன வேலை? நியாயமான கேள்வி. எங்க ஊர் ஸ்ரீமுஷ்ணம். பாதாளத்துக்குப் போன பூமியை மேலே தூக்கி வந்த பூவராக சுவாமி ஊர். ஒரு பக்கம் விருத்தாசலம். அங்கே பீங்கான் சூளைகள். இன்னொரு பக்கம் சேத்தியாத்தோப்பு. அங்கே சர்க்கரை ஆலை. கொஞ்சம் தள்ளிப் போனால் நெய்வேலி. அங்கே பூமிக்குள்ளே போய்ப் பழுப்பு நிலக்கரியை மேலே கொண்டு வருகிறார்கள். ஆக, எங்க பக்கத்துப் பையன்கள் ஐ.டி.ஐ. முடித்தால் நெருப்புக்கும் இரும்புக்கும் நடுவில்தான் பிழைப்பு. வீட்டுக்கு வீடு ஒரு ஃபிட்டர், தெருவுக்கு ஒரு வெல்டர். அவர்கள் பேசுவதைத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டாலே பாதி இன்ஜினீயர் ஆகிவிடலாம். மீதிப் பாதிக்குப் புத்தகம் இருக்கிறது.

சாது மிரண்டால்...

தண்ணீர் பரம சாது. ஆனால் ஒரு லிட்டர் தண்ணீர் முழுசாக ஆவியானால், சாதாரணக் காற்றழுத்தத்தில் ஏறத்தாழ 1,600 லிட்டர் இடம் கேட்கும். ஒற்றை ரூமில் ஒழுங்காகக் குடியிருந்தவர் திடீரென்று கல்யாண மண்டபம் வேண்டும் என்று அடம் பிடிப்பது போல. பாய்லர் என்பது அவரை அந்த ஒற்றை ரூமிலேயே பூட்டி வைத்து, அந்தக் கோபத்தை வேலையாக மாற்றுகிற ஏற்பாடு. பீங்கான் சூளையில் சூடு மட்டும்தான். பாய்லரில் சூடும் உண்டு, அழுத்தமும் உண்டு.

உங்கள் வீட்டுக் குக்கரும் ஒரு குட்டி பாய்லர்தான். ஆனால் பயப்பட வேண்டாம், அதற்கு இன்ஸ்பெக்டர் வர மாட்டார். 25 லிட்டருக்குக் குறைந்த பாத்திரங்களைப் பாய்லர் சட்டம் கண்டுகொள்வதில்லை. ஆனாலும் குக்கர் விஷயத்தில் நம் வீட்டுப் பெண்களுக்கு ஒரு சட்டம் மனப்பாடம்: விசில் அடங்காமல் மூடியைத் திறக்காதே. பாய்லர் ரிப்பேரின் முதல் பாடமும் அதுவேதான். உலகத்துப் பாய்லர் விபத்துகளில் பல, விசில் அடங்கும் வரை காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்களால் வந்தவை.

நிற்கும்போதுதான் பயம்

ஓடுகிற பாய்லர்தான் ஆபத்து, நின்றுவிட்டால் அது வெறும் இரும்பு என்று நாம் நினைக்கிறோம். பாதி சரி. ஓடும்போது அதைச் சுற்றிக் காவல் இருக்கிறது. அழுத்தம் காட்ட மீட்டர், தண்ணீர் மட்டம் காட்டக் கண்ணாடி, எல்லை தாண்டினால் தானே திறந்து சீறுகிற ஸேஃப்டி வால்வு. முக்கியமாக, மனுஷன் வெளியே இருக்கிறான். நின்ற பிறகு இந்தக் காவல் எல்லாம் ஓய்வெடுக்கிறது. மனுஷன் பக்கத்தில் போகிறான், உள்ளேயே போகிறான். இன்னொரு பக்கம், ‘எப்போ மறுபடி ஓட்டப் போறீங்க?’ என்று மேலிடத்திலிருந்து போன் வருகிறது. ஆபத்து அந்த இடத்தில்தான் குடியேறுகிறது.

எங்க ஜில்லாவுக்கே இதை 2020-ம் வருஷம் சொல்லிக்கொடுத்தது. நெய்வேலி என்.எல்.சி.யின் இரண்டாம் அனல் மின் நிலையத்தில் தலா 210 மெகாவாட் கொண்ட ஏழு யூனிட்டுகள். 2020 மே 7-ம் தேதி ஆறாவது யூனிட்டின் பாய்லரில் விபத்து. எட்டுப் பேர் தீக்காயம் பட்டு, அவர்களில் ஐந்து பேர் பிழைக்கவில்லை. இரண்டு மாசம்கூட ஆகவில்லை. ஜூலை 1-ம் தேதி காலை, பக்கத்து ஐந்தாவது யூனிட். அன்றைக்கு அது மின்சாரம் தயாரித்துக்கொண்டிருக்கவில்லை. நின்று போயிருந்த யூனிட்டைத் திரும்ப ஓட்டுவதற்கான வேலைகள் நடந்துகொண்டிருந்தன. வெடித்தது. ஆறு பேர் அன்றைக்கே போனார்கள். பதினேழு பேர் காயம். அவர்களிலும் பலர் அடுத்தடுத்த வாரங்களில் ஒவ்வொருவராக ஆஸ்பத்திரியில் இறந்தார்கள். இறந்தவர்களில் ஒப்பந்தத் தொழிலாளர்கள்தான் அதிகம். சுற்று வட்டாரத்துக் கிராமங்களில் அந்த ஜூலை மாசம் போன் அடித்தாலே வீடுகளில் எடுக்கப் பயந்தார்கள்.

பெரிய ஆலைகளில் வருஷத்துக்கொரு முறை பாய்லரை நிறுத்தி, பிரித்து மேய்ந்து சரி செய்வார்கள். இதற்குப் பெயர் ‘ஷட்டவுன்’. பையன்கள் பேச்சில் ‘ஷட்டவுன் வேலை’. மாப்பிள்ளை சீசன் மாதிரி இதற்கும் சீசன் உண்டு. நாலு வாரம் ராத்திரி பகல் வேலை, கைநிறையக் கூலி, முடிந்ததும் அடுத்த ஆலை. எங்க தெருவில் ஒரு ஃபிட்டர் தம்பி இப்படிப் பல ஜில்லா பார்த்தவர். அவரிடம் கேட்டேன்:

‘‘உள்ளே போறப்ப எதுக்குத் தம்பி பயப்படுவே? சூட்டுக்கா, இருட்டுக்கா?’’

‘‘ரெண்டுக்கும் இல்லண்ணே. நான் உள்ளே இருக்கிறது தெரியாம வெளியே ஒருத்தன் வால்வைத் திறந்துட்டா? அந்தப் பயம்தான்.’’

‘‘அதுக்கு என்ன செய்வே?’’

‘‘நல்ல கம்பெனின்னா அந்த வால்வுல என் பூட்டைப் போட்டு, சாவியை என் பாக்கெட்ல வெச்சுக்கிட்டுப் போவேன். மத்த எடத்துல...’’ மேலே கை காட்டினார். மேலே ஓட்டுக்கூரைதான் இருந்தது.

உள்ளே போகும் முன்

தம்பி சொன்ன பூட்டு, ரிப்பேர் விதிகளின் உயிர்நாடி. ஒரு வால்வில் ஆறு பேர் உயிர் தொங்கினால் ஆறு பூட்டு. ஒவ்வொருத்தர் சாவியும் அவரவர் பாக்கெட்டில். ஆறாவது ஆள் வெளியே வந்து தன் பூட்டைக் கழற்றாத வரையில் ஜெனரல் மேனேஜரே வந்தாலும் வால்வு அசையக் கூடாது. ‘‘எல்லாரும் வந்துட்டாங்க ஸார்’’ என்று யாரோ சொல்வதை நம்பித் திறப்பது விதி இல்லை, விதியை வரவழைப்பது.

வால்வை மூடினால் மட்டும் போதுமா? போதாது. உங்கள் வீட்டுக் குழாயை இறுக மூடிய பிறகும் சொட்டு விழுகிறதா இல்லையா? அதே கதைதான். பல ஆலைகளில் இரண்டு மூன்று பாய்லர்கள் ஒரே ஸ்டீம் குழாயில் சேர்ந்திருக்கும். ஒன்று ரிப்பேரில் இருக்கும்போது பக்கத்துப் பாய்லர் ஓடிக்கொண்டிருக்கும். அந்த ஸ்டீம் ஒரு பழைய வால்வின் இடுக்கு வழியாக இங்கே வந்தால் உள்ளே இருப்பவர் கதி? அதனால் குழாயைக் கழற்றிப் பிரிக்க வேண்டும்; இல்லை, நடுவில் கெட்டித் தகடு வைத்து அடைக்க வேண்டும். ‘பிளாங்க் போடறது’ என்பார்கள். போட ஒரு மணி, எடுக்க ஒரு மணி. இந்த இரண்டு மணி நேரத்தை மிச்சம் பிடிக்கலாமே என்று ஒருவருக்குத் தோன்றும் பாருங்கள், அவரைத்தான் முதலில் பூட்டி வைக்க வேண்டும்.

அடுத்தது ஆறுவது. தண்ணீர் ஆறிவிடும். செங்கல் சுவரும் சாம்பலும் சீக்கிரம் ஆறாது. சாம்பல் மேலே கறுத்து, ‘நான் செத்துவிட்டேன்’ என்று நடிக்கும். உள்ளே தணலாக இருக்கும். அதன் மேல் அவசரப்பட்டுத் தண்ணீர் பீய்ச்சினால் நொடியில் ஆவியாகி முகத்தில் அடிக்கும். சாம்பல் எவ்வளவு கொடூரமானது என்று 2017 நவம்பர் 1-ம் தேதி உத்தரப் பிரதேசத்தில் ரேபரேலி பக்கம் உஞ்சாகர் காட்டியது. என்.டி.பி.சி. நிலையத்தின் 500 மெகாவாட் யூனிட். நெருப்புக் கூண்டின் அடியில் சாம்பல் கட்டி கட்டியாகச் சேர்ந்து அடைத்துக்கொண்டது. யூனிட் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதை எடுக்கும் முயற்சி நடந்தது. உள்ளே அழுத்தம் திடீரென்று ஏறி, சூடான வாயுவும் சாம்பலும் ஸ்டீமும் வெளியே பாய்ந்தன. நாற்பது பேருக்கும் மேல் இறந்தார்கள்.

ஆறியாயிற்று, இறங்கலாமா? பொறுங்கள் ஸார். வாசலைப் பாருங்கள். மேன்ஹோல் என்பது நீள்வட்டமான ஒரு சின்ன ஓட்டை. ஏன் வட்டமாக இல்லை தெரியுமோ? மூடியைப் பக்கவாட்டில் சாய்த்து உள்ளே விட்டு, உள்பக்கமிருந்து பொருத்துவார்கள். ஸ்டீம் எவ்வளவு தள்ளுகிறதோ அவ்வளவு இறுக்கமாக மூடிக்கொள்ளும். அருமையான யோசனை. ஆனால் அதன் வழியாக ஒரு ஆள் நுழைய உடம்பைக் குறுக்க வேண்டும். மயங்கி விழுந்தவரை வெளியே இழுக்கப் பத்துப் பேர் வந்தாலும் திணற வேண்டும்.

மயக்கம் எதற்கு வருகிறது? ஈர இரும்பு துருப்பிடிக்கும்போது காற்றிலுள்ள ஆக்ஸிஜனைத் தின்கிறது. பல நாள் மூடிக் கிடந்த பாய்லரில் காற்று இருக்கும், ஆக்ஸிஜன் போதாது. கண்ணுக்குத் தெரியாது, வாசனை வராது. நல்ல காற்றில் ஆக்ஸிஜன் கிட்டத்தட்ட 21 சதவீதம். 19.5-க்குக் கீழே இருந்தால் சுவாசக் கருவி இல்லாமல் நுழையாதே என்பது பல நாடுகளில் கடைப்பிடிக்கும் கணக்கு. மீட்டரை உள்ளே விட்டுப் பார்க்காமல் தலையை விட்டுப் பார்ப்பது வீரம் இல்லை.

நம் ஊர் 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டம் இதை எவ்வளவு தெளிவாக எழுதி வைத்திருந்தது என்று படித்தால் ஆச்சரியமாக இருக்கும். தகுதியுள்ள ஒருவர் தானே சோதித்துப் பார்த்து, ‘உள்ளே விஷவாயு இல்லை, போகலாம்’ என்று எழுத்தில் தர வேண்டும். இல்லையென்றால், போகிறவர் சுவாசக் கருவியும் பெல்ட்டும் மாட்டிக்கொண்டு, பெல்ட்டில் கட்டிய கயிற்றின் மறு நுனியை வெளியே ஒருவர் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். உள்ளே கொண்டு போகும் கை விளக்கு 24 வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது. ஏனென்றால் உள்ளே சுற்றிலும் இரும்பு, உடம்பெல்லாம் வேர்வை. வீட்டுக் கரண்டில் ஒரு ஒயர் நைந்திருந்தாலும் முடிந்தது. இப்போது சட்டத்தின் பெயரும் புத்தகமும் மாறிவிட்டாலும், இரும்பின் குணமும் வேர்வையின் குணமும் மாறவில்லை.

கயிற்றின் மறு நுனியைப் பிடிக்கிற ஆளைக் கவனியுங்கள். அவருக்கு வேறு வேலை கிடையாது. பார்க்கிறவர்களுக்கு, ‘தண்டச் சம்பளம்’ என்று தோன்றும். அவர் டீ குடிக்கப் போகிற ஐந்து நிமிஷத்தில்தான் அவர் எதற்காக நிற்கிறார் என்று தெரியவரும். அப்படித் தெரியவரக் கூடாது.

ஒட்டுப் போட்ட கதை

இதுவரை ஆளைக் காப்பாற்றுகிற விதி. இனி இரும்பைக் காப்பாற்றுகிற விதி. பழுதைச் சரியாகச் செய்யாவிட்டால், இன்றைக்குப் பிழைத்தவர்கள் நாளைக்கு மாட்டிக்கொள்வார்கள்.

1865 ஏப்ரல். அமெரிக்காவில் உள்நாட்டு யுத்தம் முடிகிற நேரம். சிறை முகாம்களிலிருந்து விடுதலையான சிப்பாய்களை ஊருக்குக் கொண்டு போகிறது ‘சுல்தானா’ என்ற நீராவிப் படகு. 376 பேர் போக அனுமதி. ஏறியது இரண்டாயிரத்துக்கும் மேல். (நம் ஊர் தீபாவளி பஸ் எல்லாம் ஜுஜுபி.) வழியில் விக்ஸ்பர்க் துறையில் ஒரு பாய்லரின் தகடு புடைத்துக் கசிந்தது. மெக்கானிக் பார்த்துவிட்டு, கெட்டுப்போன தகடுகளை வெட்டி எடுத்துப் புதுசு வைக்க வேண்டும் என்றார். அதற்கு நாள் பிடிக்கும். நாள் பிடித்தால் சவாரியை வேறு படகு கொத்திக்கொண்டு போய்விடும். ஆகவே ஒரு ஒட்டு. அதுவும் பாய்லர் தகட்டைவிட மெல்லிசான தகட்டில். ஏப்ரல் 27 விடிவதற்கு முன், மெம்ஃபிஸ் பக்கம் மிஸிஸிப்பி ஆற்றின் நடுவில் பாய்லர்கள் வெடித்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். யுத்தத்தில் பிழைத்து, சிறையில் பிழைத்து, வீட்டுக்குப் போகிற வழியில். அளவுக்கு மீறிய கூட்டத்துக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது ஒன்றுதான்: அவசரம்.

இந்த மாதிரி ஒட்டு வேலையைத் தடுக்கத்தான் சட்டம். இந்தியாவில் 1863-ல் கல்கத்தாவில் ஒரு பாய்லர் வெடித்த பிறகு, 1864-ல் வங்காளத்தில் முதல் சட்டம் வந்தது. பிறகு நாடு முழுமைக்கும் 1923-ல் பாய்லர் சட்டம். சான்றிதழ் இல்லாமல் ஓட்டக் கூடாது. காலாகாலத்தில் இன்ஸ்பெக்டர் பார்க்க வேண்டும். தலைமை ஆய்வாளரின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் பாய்லரின் உடம்பில் மாற்றம் செய்யக் கூடாது. விபத்து நடந்தால் 24 மணி நேரத்தில் சொல்ல வேண்டும். அந்தச் சட்டம் 102 வருஷம் உழைத்து 2025-ல் ரிட்டயர் ஆனது. (அரசாங்க சர்வீஸில் இது ரெக்கார்டாக இருக்கும்.) அதன் இடத்தில் வந்த 2025-ம் வருஷத்துப் பாய்லர் சட்டம் இரண்டு விஷயங்களைத் தனியாக எடுத்துச் சொல்கிறது. ஒன்று, பாய்லருக்குள் வேலை செய்கிறவர்களின் பாதுகாப்பு. இரண்டு, ரிப்பேரைத் தகுதியும் திறமையும் உள்ளவர்களே செய்ய வேண்டும். சில்லறைக் குற்றங்களுக்கு அபராதத்தோடு விட்டுவிட்டு, உயிர்ச் சேதம் வரக்கூடிய பெரிய குற்றங்களுக்கு மட்டும் கிரிமினல் தண்டனையை அப்படியே வைத்திருக்கிறார்கள்.

‘தகுதி’ என்றால்? தெருமுனையில் கேட்டுக்கு வெல்டு வைப்பவர் கெட்டிக்காரராக இருக்கலாம். ஆனால் பாய்லர் வெல்டருக்குத் தனிப் பரீட்சை, தனிச் சான்றிதழ். வெல்டு முடிந்ததும் உடனே ஸ்டீம் ஏற்ற முடியாது. உள்ளே முழுக்கத் தண்ணீர் நிரப்பி, வழக்கமாக ஓடும் அழுத்தத்தைவிட அதிகமாக ஏற்றிப் பார்க்க வேண்டும். ஏன் தண்ணீர்? காற்று பலூன் மாதிரி, அமுங்கி நின்று விட்டால் வெடிக்கும். தண்ணீர் அமுங்காது. வெல்டு விட்டுக்கொடுத்தால் ஒரு பீச்சல், அழுத்தம் இறங்கிவிடும். யாருக்கும் ஒன்றும் ஆகாது.

கடைசியாக, திரும்ப நெருப்பு வைக்கிற கட்டம். கேஸ் அடுப்பைத் திருகிவிட்டு அப்புறம் தீப்பெட்டி தேடுகிறவர் கதை தெரியுமல்லவா? நெருப்புக் கூண்டில் எரியாத எரிவாயுவோ நிலக்கரித் தூளோ தங்கியிருந்து அதில் பொறி பட்டால் அதே கதை, ஆயிரம் மடங்கு. எண்ணெய், கேஸ், நிலக்கரித் தூள் எரிக்கும் பெரிய பாய்லர்களில் பற்ற வைக்கும் முன் குறைந்தது ஐந்து நிமிஷமாவது ஃபேனை ஓட்டிப் பழைய காற்றை வெளியே தள்ள வேண்டும். முதல் தடவை பற்றவில்லையா? மறுபடி முதலிலிருந்து. ‘இன்னொரு தரம் சும்மா தட்டிப் பார்க்கலாம்’ என்பது ஸ்கூட்டருக்குச் சரி.

சஸ்பென்ஸ் அக்கவுண்ட் கிடையாது

இப்போது என் சப்ஜெக்டுக்கு வருகிறேன். இந்த விதிகள் எல்லாவற்றையும் கட்டி வைத்திருக்கிற கயிறு என்ன தெரியுமா? ஒரு காகிதம். ‘ஒர்க் பெர்மிட்’. எந்தப் பாய்லர், எந்த வேலை, எத்தனை மணி வரை, எந்தெந்த வால்வு பூட்டியாயிற்று, காற்று சோதித்தது யார், உள்ளே போகிறவர்கள் யார் யார். கொடுக்கிறவர் கையெழுத்து, வாங்குகிறவர் கையெழுத்து. வேலை முடிந்ததும் மறுபடி இரண்டு கையெழுத்து.

காமர்ஸ் படித்தவர்களுக்கு இது பழகின சமாச்சாரம். பற்று, வரவு. உள்ளே போன ஒவ்வொரு ஆளும் ஒரு பற்று; வெளியே வந்தால் வரவு. போன பூட்டு, வந்த பூட்டு. உள்ளே கொண்டு போன ஸ்பேனர்கூட வெளியே வர வேண்டும். இரண்டு பக்கமும் டாலி ஆகாமல் கணக்கை முடிக்கக் கூடாது. நம் ஆபீஸில் டாலி ஆகவில்லை என்றால் வித்தியாசத்தை ‘சஸ்பென்ஸ் அக்கவுண்ட்’டில் தள்ளிவிட்டு ஆறு மணி பஸ்ஸைப் பிடிக்கலாம். அடுத்த மாசம் பார்த்துக்கொள்ளலாம். பாய்லரில் அந்தத் தலைப்பு கிடையாது. வித்தியாசம் ஒன்று என்றால், அது ஒரு ஆள்.

‘‘பேப்பர் ஒர்க்தானே’’ என்று நாம் எல்லாரும் சலித்துக்கொள்கிறோம். சலிப்பில்தான் நாற்காலியில் உட்கார்ந்தபடியே பத்து பெர்மிட்டில் வரிசையாகக் கையெழுத்து விழுகிறது. ‘பூட்டியாயிற்று’ என்ற கட்டத்தில் டிக் விழுகிறது. வால்வு மட்டும் பூட்டப்படவில்லை. ஆபத்து காகிதத்தில் இல்லை, பார்க்காமல் போட்ட கையெழுத்தில் இருக்கிறது. ஒப்பந்தத் தொழிலாளருக்கு அந்தக் காகிதம் இங்கிலீஷில் இருக்கும். காட்டின இடத்தில் கையெழுத்துப் போடுவார். கேட்டால் நாளைக்கு வேலைக்குக் கூப்பிட மாட்டார்களோ என்று பயம். அவருக்கு நாலு நாளைக்குத்தான் வந்த ஆலை. எந்தக் குழாய் எங்கே போகிறது என்று தெரியாது. தெரிந்தவர் வெளியே இருக்கிறார். தெரியாதவர் உள்ளே போகிறார்.

ஷட்டவுன் வேலைக்குக் கிளம்புகிற தம்பிமார்களே, உள்ளே தலை வைக்கும் முன் நாலே கேள்வி: பூட்டியாச்சா, சாவி என்கிட்டே வந்தாச்சா? குழாயில் பிளாங்க் போட்டாச்சா? காற்றை மீட்டரில் பார்த்தாச்சா? வெளியே நிற்கப் போவது யார்? இதைத் தமிழிலேயே கேளுங்கள். இதற்குக் கோபப்படுகிற சூப்பர்வைசரிடம் ஒரு நாள் கூலி போனாலும் பரவாயில்லை.

ஆபீஸில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து இதைப் படிக்கிற ஸார், உங்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது. ஷட்டவுனை இரண்டு நாள் குறை என்று நோட் எழுதுவதும், ‘வெளியே சும்மா நிற்க ஒரு ஆளா?’ என்று பில்லில் சுழிப்பதும் நம் டிபார்ட்மெண்ட்தான். சுழிக்கும் முன் ஒரு போன் போட்டு, அந்த ஆள் எதற்கு என்று கேளுங்கள். பெர்மிட்டில் கையெழுத்துப் போடுகிற இடத்தில் இருந்தால், பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து போய், அந்த வால்வில் பூட்டு தொங்குகிறதா என்று கையால் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து போடுங்கள். நடை கொஞ்ச தூரம்தான்.